திதி, திகதி, ஒரு சுரங்கக் கல்லறை

1

சென்ற வைகாசியில் ரொறன்ரோவில், ஸ்காபரோவின் முதியோர் சங்கம் ஒன்று என்னைப் பேச அழைத்தது. முதலில் ஒத்துக்கொண்டவர் கழன்றுகொண்டதால் வந்த அழைப்பு அது. நான் அதையெல்லாம் பொருட்படுத்துகிற ஆள் இல்லை. தலைப்பு, ‘திதியும் திகதியும்’. வெண்பலகையில் வட்டம் கீறி, சந்திரன் சூரியனை விட்டு விலகி விலகித் திதிகள் பிறப்பதை விளக்கினேன். சந்திரனின் வருடம் சூரியனின் வருடத்தைவிடக் குட்டை, ஆகவே போன வருடத்துத் திதி இந்த வருடம் பத்துப் பதினொரு நாள் முன்கூட்டியே வந்து வாசலில் நிற்கும் என்றேன். “நாங்கள் வெள்ளைக்காரனின் கலண்டரில் உயிர் வாழ்கிறோம், எங்கள் செத்தவர்கள் சந்திரனின் கலண்டரில் இருக்கிறார்கள்” என்று ஒரு வசனமும் எடுத்துவிட்டேன். கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு அன்ரி அதைக் கடுதாசித் துண்டில் எழுதிக்கொண்டார்.

அந்த நான்தான், என் சொந்த அம்மாவின் முதலாவது ஆட்டைத் திவசத்தைக் கலண்டர்த் திகதியில் கணக்குப் பண்ணியவன். ஐயருக்குச் சொல்லி, மண்டபம் எடுத்து, ஆட்களையும் அழைத்துவிட்டு, உண்மையான திதி வந்து வாசலில் நின்றபோது மத்தியதரைக் கடலில், ஒரு உல்லாசக் கப்பலின் மேல்தளத்தில், அரைக்காற்சட்டையுடன் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றவன். இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருப்பது ஒரு ககரம். அந்த ககரத்தில்தான் நான் தடுக்கி விழுந்தேன்.

அம்மா போன வருடம் புரட்டாதியில் யாழ்ப்பாணத்தில், என் தங்கச்சி கௌரியின் வீட்டில் இறந்தார். செய்தி வந்தபோது ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டுக் குசினியில் வான்கோழி வெந்துகொண்டிருந்தது. கனடாவில் தாங்ஸ்கிவிங் என்ற நன்றி நாள் விடுமுறைத் திங்கட்கிழமை. அன்றிலிருந்து என் தலைக்குள் அம்மாவின் சாவு தாங்ஸ்கிவிங்கோடு ஒட்டிவிட்டது. நீண்ட வார இறுதி, எல்லோருக்கும் லீவு, ஆட்கள் வர வசதி என்று நினைத்தேன். வசதியான நாளில் செத்த அம்மாவுக்கு வசதியான நாளில் திவசம்.

2

கப்பல் எங்கள் மகள் அபியின் பரிசு. எனக்கும் மனைவி ரஞ்சிக்கும் கலியாணமாகி முப்பது வருடம். அபி நகரத்துக்குள் தனியாக ஒரு கொண்டோ அடுக்குமாடியில் இருக்கிறாள். மாதத்தில் ஒருமுறை ரூஜுக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவாள். அவளும் எங்களுடன் வருவதாகச் சொன்னதால்தான் ரஞ்சி இறங்கிவந்தாள்.

“மாமி போய் இன்னும் வருசம் திரும்பேல்லை. அதுக்குள்ளை என்ன கப்பல்?” என்று அவள் முதலில் கேட்டாள்.

“திவசத்துக்கு முதல் வந்திடுவம்” என்றேன். முதியோர் சங்கத்தில் கைதட்டு வாங்கியவன் சொன்னால் யார் மறுப்பார்கள்?

கப்பலில் ஏறிய பிறகு விஜயதசமி வந்தது. ரஞ்சி கைத்தொலைபேசியில் சரஸ்வதி படத்தை எடுத்து, அதன் முன் கப்பலின் நிகழ்ச்சி நிரலை வைத்து, என்னை நாலு வரி வாசிக்க வைத்தாள். வேறு புத்தகம் கைவசம் இல்லை. ‘இன்று மாலை நீச்சல் தடாகத்தில் போட்டிகள்’ என்று நான் பக்தியுடன் வாசித்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம், ஐஸ்கிரீம் வரிசையில் நிற்கும்போது கௌரி அழைத்தாள்.

“அண்ணா, எங்கை நிக்கிறாய்? பின்னாலை பாட்டுக் கேக்குது.”

“கப்பலிலை பிள்ளை. சொன்னனான்தானே.”

“ஓம், சொன்னனி. நான் இதுக்குள்ளை வீட்டை போயிருப்பாய் எண்டு நினைச்சன். நாளைக்கு ஐயர் எத்தினை மணிக்கு வாறார்?”

“எந்த ஐயர்?”



“நாளைக்கு அம்மான்ர ஆட்டைத் திவசம் அண்ணா.”

“அதுக்கு நாள் கிடக்கெல்லே. தாங்ஸ்கிவிங்கிலைதானே.”

“அதென்ன திவசம் தாங்ஸ்கிவிங்கிலை? அம்மா போனது விசயதசமி கழிஞ்சு ரெண்டாம் நாள். துவாதசி. நேற்று எல்லே விசயதசமி? சின்னப்பிள்ளையும் கணக்குப் பாக்கும்.”

எனக்கு முன்னால் நின்ற பெரிய மனிதர் தன் கூம்பை வாங்கிக்கொண்டு விலகினார். என் முறை. நான் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் என்னைச் சுற்றிப் போனார்கள்.

“நீ உதுகளைப் பற்றிப் பேச்செல்லாம் குடுத்தனி. ரஞ்சியண்ணி வீடியோ அனுப்பினவ” என்றாள் கௌரி. அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டாள். குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ரொறன்ரோவில் அப்போது காலை. கோயிலுக்கு எடுத்து ஐயரைப் பிடித்தேன். அவர் கொப்பியைப் புரட்டி, “நீங்கள் தந்தது சதுர்த்தசி எண்டு எழுதிக்கிடக்கே” என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. கோயில் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண், நான் நெடுஞ்சாலையில் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது, “திதி என்னண்ணை?” என்று கேட்டிருந்தார். என் காதில் அது திகதி என்று விழுந்தது. அம்மா போன ஒக்டோபர் பதினாலை நினைத்து, “பதினாலு” என்றேன். “பதினாலெண்டால் சதுர்த்தசி. வளர்பிறையோ, தேய்பிறையோ?” என்று அவர் கேட்டார். நான் பாதி கேட்டும் கேளாமலும், “லோங் வீக்கெண்ட்” என்று பதில் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார்.

ஐயர் நல்ல மனிதர். “கடலிலைதானே நிக்கிறியள். நாளைக்கு எள்ளும் தண்ணியும் இறையுங்கோ. அம்மாவை மனசார ஒருக்காக் கூப்பிடுங்கோ. மிச்சத்தை இஞ்சை வந்தாப்பிறகு பாப்பம்” என்றார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மா இறந்தபோது என் கடவுச்சீட்டு காலாவதியாகிக் கிடந்தது. அவசரமாகப் புதிதாக எடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இதில் சிரிக்கிறீர்கள், முகத்தில் எந்த உணர்ச்சியும் இருக்கக்கூடாது, வேறு படம் கொண்டுவாருங்கள் என்றார். அது சிரிப்பில்லை, பல் என்றேன். என் முன்பற்கள் வாயை மூடினாலும் முழுதாக ஒத்துழைப்பதில்லை. அம்மா செத்த கிழமையில் எடுத்த படத்தில் சிரித்தேன் என்று அரசாங்கத்தால் திருப்பி அனுப்பப்பட்டவன் நான். இரண்டாவது படம், பிறகு ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் பிழை, பிறகு ஒரு தபால். எல்லாம் முடிந்து கடவுச்சீட்டு கைக்கு வரும்போது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்து, கீரிமலைக் கடலில் அம்மாவைக் கரைத்துமாயிற்று. இனிப் போய் என்ன என்று இருந்துவிட்டேன். அந்தப் புதுக் கடவுச்சீட்டில் விழுந்த முதல் முத்திரை இந்தக் கப்பல் பயணத்துக்கானது.

செத்தவீட்டை நேரலையாகத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். அபிதான் வயரெல்லாம் பூட்டித் தந்தாள். சுடலையில் வாய்க்கரிசி போடும்போது படம் நின்றுவிட்டது. அம்மாவின் பாதி முகம், குனிந்த யாரோ ஒருவரின் முழங்கை, திரை நடுவில் சுழலும் ஒரு வட்டம். அந்த வட்டம் சுழன்று முடிந்து படம் திரும்பி வந்தபோது புகை. கௌரியின் மூத்த மகன் கொள்ளி வைத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றான். அது நான் நிற்க வேண்டிய இடம்.

ஆகவே எனக்கென்று மிஞ்சியது இந்த ஆட்டைத் திவசம் ஒன்றுதான். அதையும் ஐஸ்கிரீம் வரிசையில் விட்டுவிட்டேன்.

3

அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் குடும்ப மாநாடு நடந்தது. கப்பல் மறுநாள் மோல்டாத் தீவில் நிற்கும். அங்கே ரபாத் என்ற ஊரில் நிலத்துக்குக் கீழே பழைய ரோமர் காலத்துக் கல்லறைகள் இருக்கின்றன. கப்பல்காரரின் சுற்றுலாவில், இலக்கம் போட்ட மட்டையைத் தூக்கிப் பிடித்த ஒருவரின் பின்னால் ஆட்டுப்பட்டிபோலப் போகவேண்டும் என்பதால், நாங்களே பஸ்ஸில் போவதென்று அபி முன்னமே ஒழுங்கு செய்திருந்தாள். உள்ளே போகும் நேரமும் பதிவு செய்தாயிற்று.

“திவசத்தண்டு சுடலை பாக்கப் போறதோ?” என்றாள் ரஞ்சி.

“அம்மா, இட்ஸ் எ மியூசியம்.”

“செத்த ஆக்கள் கிடந்த இடம் எல்லே?”

“இப்ப ஒருத்தரும் இல்லை. எம்ப்டி.”

“அப்ப நாங்கள் இஞ்சையே தண்ணி இறைச்சால் என்ன?” என்று நான் இடையில் புகுந்தேன்.

அபி மேல்தளத்தின் கைப்பிடிக் கம்பியில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் படம் எடுத்து வைத்திருந்தாள். கடலுக்குள் எதையும் எறியக்கூடாது. “கமரா இருக்கு அப்பா. நீங்கள் கம்பிக்கு மேலாலை சாய்ஞ்சு தண்ணியை ஊத்தினால் அவங்கள் ஆள் குதிக்குதெண்டு கப்பலை நிப்பாட்டுவாங்கள்.”

முடிவு இப்படி எடுக்கப்பட்டது: முதலில் கல்லறை, அது பதிந்த நேரம், மாற்ற முடியாது. அதிலிருந்து திரும்பும் வழியில் ஏதாவது ஒரு கடற்கரையில் இறங்கி எள்ளும் தண்ணீரும். கப்பல் புறப்படுவதற்குள் ஏறிவிட வேண்டும். எள்ளுக்கு எங்கே போவது என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பதில் காலைச் சாப்பாட்டில் கிடைத்தது. பண் ரொட்டிகளின் தலையில் எள்ளுத் தூவியிருந்தது. ரஞ்சி ஒரு தட்டு நிறையப் பண் எடுத்துவந்து, வெண்ணெய்க் கத்தியால் ஒவ்வொன்றாகச் சுரண்டி, எள்ளைக் கடுதாசிக் கைக்குட்டையில் சேர்த்தாள். பரிமாறுகிற பையன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஓடிவந்து, மேடத்துக்கு எள்ளு ஒவ்வாதோ என்று கேட்டு, மன்னிப்பும் கேட்டு, எங்கள் பண்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய், எள்ளில்லாத பண் கொண்டுவந்து வைத்தான்.

“நாசமாப்போக” என்றாள் ரஞ்சி, அவனைப் பார்த்து அன்பாகச் சிரித்தபடி.

“கறுப்பெள்ளு எல்லோ வேணும். இது வெள்ளை” என்றேன்.

“நீங்கள் ஒரு கதையும் கதையாதேங்கோ.”

நியாயமான பதில். நான் ஒரு கதையும் கதைக்கவில்லை.

4

துறைமுகத்திலிருந்து மேலே நகரத்துக்குப் போக ஒரு லிஃப்ட் இருக்கிறது. அதிலேறி, பஸ் தரிப்பில் நின்று, வெயிலில் காய்ந்த மஞ்சள் கல் வீடுகளுக்கு நடுவால் ரபாத்துக்குப் போனோம். பஸ் வரவே வெகுநேரமானது. கல்லறைக்கு அருகில் ஒரு சின்னக் கடையில் எள்ளு ஒட்டிய வளையம்போல ஒரு பாண் தொங்கியது. ரஞ்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதிலொன்றும், வாழைப்பழமும், தண்ணீர்ப் போத்தலும் வாங்கினாள். நுழைவாயிலில் இருந்த பெண் எனக்கு முதியோர் சீட்டைக் கிழித்துத் தந்தார். நான் திருத்தவில்லை.

படிகளில் இறங்கியதும் எனக்கு வந்த முதல் எண்ணம், இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்பது. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறையில் பலர் நெருக்கிப் படுத்த காலம் முடிந்து, தனியாக இருக்கவென்று அஜின்கோர்டில் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற் அறை தேடி அலைந்த எவனுக்கும் இந்த எண்ணம் வரும். தலை முட்டும் கூரை. யன்னல் கிடையாது. தனி வாசல் உண்டு. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் சுவரில்லை. வீட்டுக்காரர் மேலே நடக்கும் காலடிச் சத்தம். ஒரு வித்தியாசம், இங்கே ஈரக்கசிவு குறைவு.

பாறையைக் குடைந்து, புகையிரதத்தில் படுக்கைகள்போல, ஒன்றின்மேல் ஒன்றாகக் குழிகள். கணவனும் மனைவியும் கிடக்க இரட்டைக் குழி, தலை வைக்கக் கல்லிலேயே இரண்டு பள்ளம். சுவரோரமாகச் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக. அவை என்ன என்று அறிவித்தல் பலகையை வாசிக்காமலே விளங்கியது. ரஞ்சி அந்த வரிசையைக் கடக்கும்போது சேலை கட்டாத அன்றும் தோளில் இல்லாத தலைப்பை இழுத்துப் போர்த்தினாள்.

பலகைகளை அபிதான் வாசித்துச் சொன்னாள். சிலுவைக்காரர், யூதர், பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர்கள் எல்லோரும் பக்கம் பக்கமாகத்தான் கிடந்திருக்கிறார்கள். ரொறன்ரோவில் உயிரோடிருக்கும் நாங்கள் ஊருக்கொரு சங்கம், சங்கத்துக்கு இரண்டு பிரிவு, பிரிவுக்கொரு கோடைகால ஒன்றுகூடல் வைத்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருப்பதை நினைத்துக்கொண்டேன். செத்தால் சரிவரும்போலிருக்கிறது.

ரோட்டுக்கு மற்றப் பக்கத்திலும் தனித்தனியாகச் சில சுரங்கங்கள் இருந்தன. அங்கே ஆட்கள் இல்லை. கடைசியாக இறங்கியதில், உள்ளறையின் நடுவில், பாறையிலேயே செதுக்கிய ஒரு வட்டமான தாழ்ந்த மேசை. விளிம்பு கொஞ்சம் உயர்ந்து, ஒரு பக்கத்தில் மட்டும் வெட்டி விட்டிருந்தது. மேசையைச் சுற்றி அரை வட்டமாகச் சரிவான கல் திண்டு.

அபி பலகையை முதலில் தனக்குள் வாசித்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

“அப்பா, இது சாப்பாட்டு மேசை. ஃபமிலி வந்து இதிலை இருந்து சாப்பிடுவினமாம். செத்த ஆக்களோடை.” கொஞ்சம் நிறுத்தினாள். “எவ்ரி இயர். ஆனிவேசரியிலை. இது திவசம்தானே?”

திவசம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முந்திய நாள் மேசையில் நாங்கள் ஆளையாள் மாறிக் கத்தியதில் பொறுக்கியிருக்க வேண்டும்.

பிந்திய பஸ்ஸும், கப்பல் புறப்படும் நேரமும் சேர்ந்து கடற்கரையை விழுங்கிவிட்டன என்பது எங்கள் மூவருக்கும் அப்போது தெரியும். மேசையைச் சுற்றிக் குந்தினோம். ரஞ்சி கைப்பையைத் திறந்தாள். கல்லில் படாமல் ஒரு கைக்குட்டையை விரித்து, அதன்மேல் எள்ளுப் பாணையும் வாழைப்பழத்தையும் வைத்தாள். சுரண்டிய எள்ளை என் உள்ளங்கையில் கொட்டினாள். சுண்டுவிரல் நகமளவு இருக்கும்.

“கூப்பிடுங்கோ” என்றாள்.

பேச்சு எனக்குத் தொழில் மாதிரி. எந்தக் கூட்டத்திலும் ஒலிவாங்கியைக் கொடுத்தால் திருப்பி வாங்குவதுதான் கஷ்டம். அந்தக் குழிக்குள், இரண்டு பேருக்கு முன்னால், எனக்கு வாய் எழும்பவில்லை. அப்படித் தடுமாறும்போது மின்விளக்கு அணைந்தது. ஆட்கள் அசையாவிட்டால் தானாக அணையும் விளக்கு. அபி எழும்பிக் கையை ஆட்டப் போனாள். ரஞ்சி அவளைப் பிடித்து இருத்தியது சத்தத்தில் தெரிந்தது.

இருட்டில் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

“அம்மா” என்றேன். “நான் ராசன். வாணை. சாப்பிடுவம்.”

என் குரல் ஏதோ ஒரு குழிக்குள் போய்த் திரும்பி வந்தது. முப்பத்தைந்து வருடமாக வெளிநாட்டில் நான் எழுதியது, பேசியது, மற்றவர்களைத் திருத்தியது எல்லாம் சேர்ந்து அந்த மூன்று வசனத்தில் முடிந்துபோயிற்று.  ஐயர் இருந்திருந்தால் மந்திரம் சொல்லி இடைவெளியை நிரப்பியிருப்பார்.

அப்போது அபி பேசினாள்.

“அப்பம்மா, சாப்பிட்டியே மோனை?”

 அபிக்கும் என் அம்மாவுக்கும் நடுவில் இருந்த தமிழ் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தொலைபேசியை அவள் முகத்துக்கு நேரே பிடிப்பேன். அம்மா, “சாப்பிட்டியே மோனை?” என்று கேட்பார். இவள் “ஓம் அப்பம்மா” என்பாள். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி இருப்பார்கள். பேச வேறு ஒன்றும் இல்லாமல், நான் தொலைபேசியை என் பக்கம் திருப்பிக்கொள்வேன். அபிக்கு அம்மாவிடமிருந்து கிடைத்த ஒரே வசனம் அது. அதை அம்மா சொன்ன மாதிரியே, பிள்ளைகளைக் கூப்பிடும் ‘மோனை’யும் சேர்த்து, பெரியவளைச் சின்னப்பிள்ளையாக்கி, திருப்பிக் கொடுத்தாள்.

மற்ற வேளையென்றால் ரஞ்சி உடனே திருத்துவாள். பெரியாக்களை அப்படிக் கேக்கக்கூடாது, சாப்பிட்டியளோ எண்டு கேள் என்பாள். அன்று அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நான் அழுதேன். ஒரு வருடம் கழித்து, பிழையான நாட்டில், சரியான நாளில். இருட்டில் என் பற்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று எனக்குத் தெரியாது. யாரும் படம் எடுக்கவில்லை.

விளக்கு பளிச்சென்று எரிந்தது. வாசலில் சீருடையில் ஒரு காவல்கார அம்மா நின்றார். எங்கள் மூவரையும் பார்த்தார், பாணைப் பார்த்தார், வாழைப்பழத்தைப் பார்த்தார்.

“உள்ளே சாப்பிடக்கூடாது” என்றார் ஆங்கிலத்தில்.

நான் எழும்பி விளக்கம் சொல்லத் தொடங்கினேன். என் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். அலுவலகத்தில் மற்றவர்களின் கடிதங்களை நான்தான் திருத்துவேன். அன்று, “மை மதர். டுடே. ஒன் இயர்” என்பதற்கு மேல் அதுவும் போகவில்லை. அவர் தலையை ஆட்டினார். முகத்தில் இரக்கம் வந்தது, சட்டம் போகவில்லை. “மன்னிக்க வேண்டும். எறும்பு வரும்” என்றார்.

ரஞ்சி எல்லாவற்றையும் கைக்குட்டையோடு அள்ளினாள். மேலே வந்து, நுழைவாயிலுக்குப் பக்கத்தில் இருந்த தோட்டத்தில், பெயர் தெரியாத ஒரு மரத்தின் அடியில் நின்று, எள்ளையும் தண்ணீரையும் என் கையால் இறைத்தேன். பாதி என் சப்பாத்தில் விழுந்தது. கடல் எந்தப் பக்கம் என்று அபி தொலைபேசியில் பார்த்துக் காட்டினாள். அந்தப் பக்கம் பார்த்து நின்றேன். பஸ் தரிப்பில் பாணை மூன்றாகப் பிய்த்துச் சாப்பிட்டோம். அபி தன் துண்டின் ஓரத்தைப் பிய்த்து மதிலில் வைத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். காகத்துக்கு வைக்கவேண்டுமென்று அவளுக்கு யார் சொன்னது? மோல்டாவில் காகத்தை நான் காணவில்லை. குருவி ஒன்று வந்தது.

5

ரொறன்ரோவுக்குத் திரும்பினோம். அழைத்த ஆட்களை வரவேண்டாம் என்று சொல்ல முடியாது. தாங்ஸ்கிவிங் வார இறுதியில், ஊரில் பாதிப் பேர் வான்கோழி வெட்டிக்கொண்டிருக்க, அஜின்கோர்டில் எடுத்த மண்டபத்தில் ஐயர் எனக்குத் தர்ப்பை போட்டுவிட்டார். கறுப்பெள்ளு, பச்சரிசி, எல்லாம் முறைப்படி. அம்மாவின் பெயரை ஐயர் சொல்ல நானும் சொன்னேன். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. பிண்டத்தை உருட்டும்போது, மண்டபத்தை எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதுதான் தலைக்குள் ஓடியது. முதியோர் சங்கத்து அன்ரி வந்திருந்தார். “தம்பி அண்டைக்கு விளங்கப்படுத்தின படியாலை இப்ப நான் எல்லாத் திவசமும் திதியிலைதான் செய்யிறன்” என்றார். அவருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னேன்.

அபி, வேட்டி கட்டிய என்னைப் பார்த்துச் சிரிக்காமல், கடைசிவரை இருந்து, சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிவிட்டு நகரத்துக்குப் போனாள். அடுத்த மாதம் வருவாள். அதற்கு அடுத்த மாதமும் வரலாம்.

மறுநாள் காலை கௌரியை அழைத்தேன். மண்டபத்துக் கதையை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டு, மோல்டாக் கதையைத் தொடங்கினேன். அதை நான் மனதுக்குள் பலமுறை எழுதிப் பார்த்து வைத்திருந்தேன். ரோமர்களின் கல்மேசை, செத்தவர்களோடு உயிரோடிருப்பவர்கள் உண்ட விருந்து, பாறைக்குள் அந்த இருட்டு, நான் கூப்பிட்டது, அபி கேட்டது. கடைசியில், “எனக்கு அங்கை அம்மா வந்து இருந்த மாதிரித்தான் கிடந்தது பிள்ளை” என்றேன். அதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. வேறு யாரிடமும் அதைச் சொல்லவும் இல்லை.

கௌரி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஏதோ பாத்திரத்தைக் கழுவி வைக்கும் சத்தம் கேட்டது.

“எனக்குத் தெரியாதண்ணா” என்றாள். “சண்டைக்காலம் ஷெல்லடிக்கேக்கையே நிலத்துக்கை வெட்டின பங்கருக்கை இறங்காத மனுசி. செத்தாலும் மேலை கிடந்து சாகிறன் எண்டு குசினிக்கையே இருந்தவ. நீ கூப்பிட்ட உடனை உதுக்கை இறங்கி வந்திருப்பாவே?”